டாஸ் விடும் முன் குஞ்சின் வாயைத் திறந்து பாருங்கள்

போன மார்கழியில் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி அட்டைப்பெட்டியில் இரண்டு ஹோமர் (தொலைவில் விட்டாலும் வீடு திரும்பும் பந்தயப் புறா) குஞ்சுகளோடு வந்தான். "பதினெட்டு குஞ்சை பர்கூர்ல டாஸ் விட்டேன் சார், ஆறுதான் வந்துச்சு, அதுலயும் இது ரெண்டும் தீனி எடுக்காம குந்தியிருக்கு. ரத்தமே சரியில்லைன்னு நினைக்கிறேன், ஜோடியை வித்துட்டு வேற வாங்கப்போறேன்" என்றான். டாஸ் என்றால் பந்தயப் பயிற்சிக்காகப் புறாவைப் பெட்டியில் கொண்டுபோய்த் தொலைவில் திறந்துவிட்டு வீட்டுக்குப் பறந்துவரச் செய்வது; ரத்தம் என்று அவன் சொன்னது வம்சத்தை, ஜோடி என்றது குஞ்சுகளின் தாய் தகப்பனை. பர்கூரிலிருந்து அவன் வீடு நேர்கோட்டில் சுமார் இருபது கிலோமீட்டர். பழகிய புறாவுக்கு அரை மணி நேர வேலை.

ஒன்றைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் அலகைத் திறந்தேன். நாக்குக்குப் பின்னால், தொண்டையின் பக்கவாட்டில், அரிசி மணி அளவுக்கு மஞ்சளாக ஒரு படலம், பனீர்த் துணுக்கு ஒட்டினாற்போல. பஞ்சுக்குச்சியால் தொண்டையைத் துடைத்து, வெதுவெதுப்பான உப்புநீரில் அலசி, ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டுத் தம்பியையே பார்க்கச் சொன்னேன். துடிதுடித்து நீந்திக்கொண்டிருந்தன. "இதெல்லாம் உயிரா சார்?" என்று கேட்டவன் ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

கேன்கர் என்று புறாக்காரர்கள் சொல்வது இதைத்தான். ட்ரைக்கோமோனாஸ் என்கிற ஒருசெல் உயிரி. வளர்ந்த புறாவின் தொண்டையில் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும், தாயும் தகப்பனும் புறாப்பால் ஊட்டும்போது குஞ்சுக்கு இறங்கிவிடும், அப்புறம் குஞ்சைத் தாயிடமிருந்து பிரிக்கிற நேரம், முதல்முறை பெட்டியில் அடைக்கிற நேரம் என்று உடம்பு தளர்கிற நாளாகப் பார்த்துக் கிளம்பும். விழுங்க முடியாமல் அரைவயிற்றோடு இருக்கிற குஞ்சைத்தான் நாம் பறக்கச் சொல்கிறோம். அந்தத் தம்பியின் ஜோடியில் ஒரு குறையும் இல்லை, விற்றிருந்தால் நல்ல ஜோடி போயிருக்கும். மருந்து இருக்கிறது, ஆனால் எடை பார்த்து, கூண்டில் உள்ள எல்லாப் புறாவுக்கும் ஒரே சமயத்தில் கொடுக்க வேண்டும். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் கழுவி வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள். காய்ந்தால் இந்தக் கிருமி பிழைக்காது.

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று மொட்டைமாடிக்கு மாடி ஹோமர் வளர்க்கும் பையன்கள் எனக்குத் தெரிந்து நிறைய இருக்கிறார்கள். அவ்வளவு ஆசையாக வளர்க்கிறார்கள். ஆனால் என்னிடம் வருவது குஞ்சு தொலைந்த பிறகுதான். டாஸுக்கு ஒரு வாரம் முன்பு காலையில் தீனி வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து வாயைப் பாருங்கள், வாய்க்குள் நூல் நூலாகச் சளி இழுக்கிறதா, கெட்ட வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். எச்சம் பழுப்பு உருண்டையாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்தாற்போல இருந்தால் சரி. பச்சைத் தண்ணீராகப் போனால் அந்த வாரம் டாஸ் கிடையாது.

நீங்களே மெடிக்கலில் மருந்து வாங்கிப் போடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நாளில் கிளிஞ்சல் தூளையும் கிரிட்டையும் (புறா கொத்தித் தின்னும் பொடிக்கல், கிளிஞ்சல் கலவை) கூண்டில் வைத்திருந்தால், சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் ஏறவிடாது. என்ரோஃப்ளாக்சசின் என்கிற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கை வளரும் குஞ்சுக்கு அளவு தெரியாமல் ஊற்றினால் மூட்டுக் குருத்தெலும்பு கெடும். இறகு உதிர்வதைத் தள்ளிப்போட ஸ்டீராய்டு போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன், அது நோய் எதிர்ப்புச் சக்தியை அடியோடு இறக்கிவிடும். கழுத்து முறுக்கிக்கொள்கிற பாரமிக்ஸோ வைரஸுக்கு மருந்தே இல்லை, தடுப்பூசிதான். பயிற்சி தொடங்க மூன்று நான்கு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

சரி, அந்தத் தம்பியிடம் மேலும் கேட்டேன். இதற்கு முன் எங்கே விட்டாய்? "இதான் சார் முதல் டாஸ்." பெட்டியில் எப்போது போட்டாய்? "முந்தின ராத்திரி." தண்ணீர் வைத்தாயா? "வெச்சேன் சார், ஒண்ணுகூட குடிக்கல."

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். பிறந்ததிலிருந்து தரையில் இருக்கும் சட்டியில் குடித்த குஞ்சுக்கு, பெட்டிக்கு வெளியே தொங்கும் கிண்ணத்தில் கம்பிக்கு இடையே தலையை நீட்டிக் குடிக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? தாகத்தோடு இரவெல்லாம் பயந்து உட்கார்ந்திருக்கும், விடிந்ததும் பறக்கச் சொல்வோம், தண்ணீரைக் கண்ட இடத்தில் இறங்கிவிடும். அதனால் டாஸுக்கு முன்பே வீட்டிலேயே நான்கைந்து இரவு பெட்டியில் வைத்து, வெளிக்கிண்ணத்தில் மட்டும் தண்ணீர் காட்டுங்கள். முதல் நாள் கிண்ணத்துத் தண்ணீரில் இரண்டு மணி தானியம் போட்டுவைத்தால் கொத்த வந்து குடிக்கப் பழகிவிடும். காலையில் மாடியிலேயே பெட்டியைத் திறந்துவிட்டுத் தீனி வையுங்கள், பெட்டி என்றால் பயம் போய்விடும்.

குஞ்சை ஒரு மாதத்தில் பிரித்ததும் கம்பிக்கூண்டில் மாடியில் உட்காரவைத்துச் சுற்றுப்புறத்தைப் பார்க்கவிடுங்கள். தீனிக்கு ஒரே விசில், நாளுக்குச் சுமார் முப்பது கிராம், பசியோடு இருக்கும்போதுதான் வெளியே விட வேண்டும், வயிறு நிறைந்த குஞ்சு பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே உட்கார்ந்துகொள்ளும். கூட்டமாகக் கிளம்பிக் கண்ணுக்கு மறைந்து அரை மணி, ஒரு மணி கழித்துத் திரும்பி வர ஆரம்பித்தால், பெரும்பாலும் மூன்று மாதம் ஆகும்போது, டாஸுக்குத் தயார். முதலில் மூன்று கிலோமீட்டர், ஐந்து, பத்து, அதே பத்தில் இன்னொரு முறை, பிறகு இருபது. பந்தயம் வருகிற திசையிலேயே விடுங்கள். வடக்கே ஆந்திரா பக்கமிருந்து வரும் பந்தயம் என்றால் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மகராஜகடை, குப்பம், பலமநேர் என்று வரிசை இருக்கிறது, தர்மபுரிக்குக் காரிமங்கலம், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி.

அப்புறம் வெயில். தம்பி விட்டது காலை ஆறே முக்காலுக்கு, பனி மூடியிருந்த நேரத்தில். புறா சூரியனைப் பார்த்தும் பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்தும் திசை பிடிக்கிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கீட்டன் புறாக்களின் முதுகில் சிறு காந்தம் ஒட்டிப் பறக்கவிட்டு 1971-ல் முடிவை வெளியிட்டார். பழகிய புறாக்கள் மேகம் மூடிய நாளில்தான் குழம்பின, வெயிலில் நேராக வீட்டுக்குப் போயின. முதல்முறை பறந்த குஞ்சுகளோ வெயில் இருந்தும் தடுமாறின. பழகியதற்கு ஏதாவது ஒன்று இருந்தால் போதும், குஞ்சுக்கு இரண்டும் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் நம் மலைப்பக்கம் பனி விலக எட்டு, எட்டரை ஆகும். காத்திருங்கள். மலையடிவாரம் மறையும் அளவுக்குப் பனி இருந்தால் பெட்டியைத் திறக்காமல் திரும்பி வாருங்கள், பெட்ரோல் போனால் போகட்டும்.

வைரியும் வல்லூறும் அடிக்கத்தான் செய்யும். அவற்றைப் பொறிவைத்துப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதைச் செய்யாதீர்கள். டாஸ் விடும் நேரத்தையும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். விதைப்புக் காலத்தில் மருந்து கலந்த விதையை வயலில் பொறுக்கித் தின்றுவிட்டு எச்சில் வழிய நடுங்கிக்கொண்டு வரும் குஞ்சை உடனே தூக்கிவாருங்கள், ஒரு மணி நேரம் தாமதித்தாலும் கஷ்டம்.

தெரியாத ஹோமர் உங்கள் மாடியில் வந்து உட்கார்ந்தால் விரட்டவும் வேண்டாம், அடைத்து வைத்துக்கொள்ளவும் வேண்டாம். தண்ணீர் கொடுங்கள், கம்பு, சோளம் கொஞ்சம் கொடுங்கள், காலில் ரிங்கும் இறக்கையில் போன் நம்பரும் இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். தம்பி தொலைத்த பன்னிரண்டில் ஒன்று வீட்டைத் தாண்டிப் பாலக்கோடு வரை போய், ஒரு தக்காளித் தோட்டத்து மோட்டார் கொட்டகையில் இறங்கியிருந்தது. அந்தத் தோட்டக்கார அண்ணன் இறக்கையில் இருந்த நம்பரைப் பார்த்துப் பேசி, ஒன்பதாம் நாள் தக்காளிக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.