ஜெர்மனியில் ஐந்து வருடம் ஆகிவிட்டதா? குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் படியுங்கள்

ஜெர்மனியில் இரண்டு தமிழர்கள் சந்தித்துக்கொண்டால், பேச்சு வீட்டு வாடகையில் தொடங்கினாலும் கடைசியில் "சிட்டிசன்ஷிப் போட்டாச்சா?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். கேட்பவர் பாதி விவரம் சொல்வார், பதில் சொல்பவர் மீதிப் பாதியைச் சொல்வார். இரண்டையும் சேர்த்தாலும் முழு விவரம் கிடைக்காது. அதனால்தான் விதிகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

2024 ஜூன் 27 அன்று புதிய குடியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. அதற்கு முன் எட்டு வருடம் காத்திருக்க வேண்டும். இப்போது ஐந்து போதும். பழைய நாட்டின் குடியுரிமையைக் கைவிட வேண்டும் என்ற நிபந்தனையும் போய்விட்டது. மூன்றே வருடத்தில் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நல்ல மொழித் தேர்ச்சியும் சிறப்பான சாதனைகளும் உள்ளவர்களுக்கு அப்படி ஒரு வழி இருந்தது உண்மைதான். ஆனால் அதை 2025 அக்டோபரில் நீக்கிவிட்டார்கள். பழைய வீடியோக்கள் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஜெர்மன் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர்களுக்கு மட்டும் தனி விதி: மூன்று வருடம் இங்கே வாழ்ந்து, திருமணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அவர்கள் விண்ணப்பிக்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சட்டத்தின் 10-ஆம் பிரிவில் உள்ள நிபந்தனைகள் எல்லாம் பூர்த்தியானால், குடியுரிமை தருவது அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது கிடையாது. அது உங்கள் உரிமை. நம் ஆட்கள் பலர் ஏதோ தயவு கேட்கப் போவதுபோல் தயங்கித் தயங்கிப் போகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையே இல்லை.

சரி, ஐந்து வருடத்தை எப்படி எண்ணுவது? முதுகலை படிக்க வந்தவருக்குப் படித்த வருடங்களும் பொதுவாகக் கணக்கில் வரும். ஆனால் மாணவர் விசாவை வைத்துக்கொண்டே குடியுரிமை வாங்க முடியாது. அந்தச் சமயத்தில் கையில் இருப்பது நிரந்தர வதிவிட அனுமதி, புளூ கார்டு (உயர்கல்வி பெற்ற வேலையாளர்களுக்கான அனுமதி), வேலைக்கான அனுமதி போன்றதாக இருக்க வேண்டும். ஊருக்குப் போய் ஆறு மாதத்துக்குள் திரும்பியிருந்தால் கணக்கு அறுபடாது. அகதியாக வந்தவர்களுக்கு, விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தால் முடிவுக்காகக் காத்திருந்த காலமும் சேரும். நாடுகடத்துவதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் 'டுல்டுங்' என்ற தாளில் கழிந்த காலம் சேராது. ஈழத்திலிருந்து வந்த பல குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு வலித்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பலர் மாட்டிக்கொள்வது வருமான நிபந்தனையில்தான். அரசின் அடிப்படை வாழ்வாதார உதவி வாங்காமல், உங்களையும் உங்களை நம்பியிருப்பவர்களையும் காப்பாற்ற வேண்டும். குழந்தைகளுக்கான மாதத் தொகை, பிள்ளை பிறந்தபின் வரும் பெற்றோர் படி ஆகியவற்றால் பிரச்சினை இல்லை. கடந்த 24 மாதத்தில் 20 மாதமாவது முழுநேர வேலை பார்த்தவருக்கு, உதவித்தொகை வாங்கினாலும் விலக்கு உண்டு. 1974 ஜூன் வரை மேற்கு ஜெர்மனிக்குத் தொழிலாளர்களாக வந்த தலைமுறைக்கும் விலக்கு உண்டு. முன்பு, தன் தவறால் அல்லாமல் உதவி வாங்க நேர்ந்த எல்லோருக்கும் பொதுவான விலக்கு இருந்தது. 2024-இல் அதைச் சுருக்கிவிட்டார்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய், உடல் குறைபாட்டால் வேலை செய்ய முடியாதவர், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் எல்லோருமே இப்போது உரிமை என்று கேட்க முடியாது. கடுமையான துன்பம் என்று நிரூபித்து, அதிகாரியின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். சட்டத்தின் மற்ற பகுதிகளை வரவேற்கிற எனக்கு இந்த இடம் மட்டும் நியாயமாகப் படவில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் தனியாகப் போகாமல், இடம்பெயர்ந்தோருக்கான இலவச ஆலோசனை மையம் ஒன்றில் முதலில் பேசிவிடுங்கள்.

ஜெர்மன் மொழிக்கு பி1 சான்றிதழ், அதாவது அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் இடைநிலைத் தேர்ச்சி வேண்டும். அப்புறம் குடியுரிமைத் தேர்வு: 33 கேள்வி, 60 நிமிடம், 17 சரியாக இருந்தால் தேர்ச்சி. 30 கேள்வி நாடு முழுவதற்கும் பொது, 3 கேள்வி நீங்கள் வாழும் மாநிலத்தைப் பற்றியது. கட்டணம் 25 யூரோ. எல்லாக் கேள்விகளும் முன்கூட்டியே வெளியிடப்பட்டவை என்பதால் இரண்டு வாரம் மாலையில் உட்கார்ந்தால் போதும். இங்கேயே பள்ளி முடித்தவர்களுக்கு இந்தத் தேர்வு தேவையில்லை.

விண்ணப்பக் கட்டணம் 255 யூரோ. பெற்றோருடன் சேர்ந்து வாங்கும், சொந்த வருமானம் இல்லாத பிள்ளைக்கு 51. பல நகரங்களில் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் மூன்று மாதம் தாண்டியும் முடிவு வரவில்லை என்றால் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒரு தாள் குறைந்தாலும் தாமதத்துக்கு அதுவே காரணமாகிவிடும். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் முழுதாக வைத்துக் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் இன்னொரு எழுத்துக்கூட்டலும் இருப்பது நம் ஊரில் சகஜம். அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருப்பதும் அப்படித்தான். அதை ஊருக்குப் போகும்போதே சரிசெய்து வாருங்கள்.

கடைசி நாளில் அதிகாரி முன் நின்று ஒரு வாக்கியத்தை ஜெர்மனில் உரக்கச் சொல்ல வேண்டும்: அரசியல் சட்டத்தையும் நாட்டின் சட்டங்களையும் மதிப்பேன், நாட்டுக்குத் தீங்கு தரும் எதையும் செய்யமாட்டேன். அதன்பின் சான்றிதழைக் கையில் கொடுப்பார்கள். அது கைக்கு வரும் அந்த நொடியில்தான் நீங்கள் ஜெர்மன் குடிமகன் ஆகிறீர்கள்.

இந்தியர்களுக்கு அதே நொடியில் இன்னொன்றும் நடக்கிறது. ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். தூதரகத்துக்குத் தெரியாது என்று பழைய பாஸ்போர்ட்டில் ஊருக்குப் பறக்காதீர்கள், அது குற்றம். பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்கான சான்றிதழை வாங்குங்கள். அடுத்து, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அது இருந்தால் விசா இல்லாமல் போய்வரலாம். வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. இலங்கைக் குடிமக்களுக்கு நிலைமை வேறு. அந்த நாடு இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, ஆனால் அதற்குத் தனியாக விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

பெற்றோருக்கு உடம்பு சரியில்லாமல் அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் இதை முன்பே கணக்கில் வையுங்கள். ஜெர்மன் பாஸ்போர்ட் அச்சாகி வரவும் அதன்பின் ஓசிஐ அட்டை கிடைக்கவும் வாரக்கணக்கில் ஆகும். நடுவில் திடீரென்று கிளம்ப வேண்டி வந்தால் இந்திய விசா எடுத்துத்தான் போக வேண்டும். சான்றிதழ் வாங்கிய அன்றே நகராட்சியில் பாஸ்போர்ட்டுக்கு நேரம் பதிவு செய்துவிடுங்கள்.