முதல் சிறுநீரைக் கீழே விட்டுவிடாதீர்கள்

அந்த இளைஞர் என் மேசைமீது மூன்று தாள்களை வைத்தார். சிறுநீர்ப் பரிசோதனையில் சீழ் அணுக்கள் ஏராளம். சிறுநீரிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் 48 மணி நேரமாகியும் கிருமி வளரவில்லை. மூன்றாவது தாள் ரத்தச் சர்க்கரை. அதை எதற்கு எடுத்தார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. "கிருமி இல்லை என்று எழுதியிருக்கிறது மேடம். ஆனால் எரிச்சல் போகவில்லை" என்றார். உள்ளாடையில் மஞ்சள் கறை படிகிறது என்பதைச் சொல்ல அவருக்கு மேலும் பத்து நிமிடம் பிடித்தது.

அதற்கு முந்தைய ஒரு வாரம் இளநீரிலும் நீர்மோரிலும் போயிருந்தது. எரிச்சலுடன் சிறுநீர் போனால் நம் வீடுகளில் 'உடம்புச் சூடு' என்பார்கள். 'வெட்டை' என்ற பழைய சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் சூட்டுக்கும் வெள்ளைப்படுதலுக்கும் பாலுறவால் தொற்றும் உண்மையான கொனோரியாவுக்கும் அந்த ஒரே சொல்தான். அதனால் யாராவது வெட்டை என்று சொன்னால் நான் எதையும் எழுதிக்கொள்வதில்லை; என்ன வருகிறது, என்ன நிறம், எத்தனை நாளாக என்றுதான் கேட்பேன். கொனோரியா என்றால், ஆண்களுக்குப் பெரும்பாலும் உறவுகொண்ட சில நாட்களிலேயே அறிகுறி தெரிந்துவிடும்.

கல்ச்சர் செய்த ஆய்வகம் தவறு செய்யவில்லை. சாதாரண சிறுநீர் கல்ச்சர் குடலிலிருந்து வரும் ஈ.கோலை போன்ற கிருமிகளைத் தேடுவதற்கானது. கொனோரியாக் கிருமிக்கு அந்தத் தட்டில் வளரத் தெரியாது. தேடாத கிருமி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மருத்துவர் சீட்டில் சந்தேகத்தை எழுதாவிட்டால் ஆய்வகத்துக்கு அது தெரிய வழியும் இல்லை.

சிறுநீரைப் பிடித்த விதமும் ஒரு சிக்கல். கல்ச்சருக்கு என்றால் முதலில் வருவதைக் கீழே விட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்கிறோம். கொனோரியாவுக்கு ஆண்களிடம் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்யும்போது இது தலைகீழ். கிருமி ஒட்டியிருப்பது சிறுநீர்ப் பாதையின் சுவரில். அதைக் கழுவிக்கொண்டு வருவது முதல் 20, 30 மில்லிதான். அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும். டப்பாவை நிரப்பிக் கொடுத்தால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு; நிரப்பினால் கிருமி நீர்த்துப்போகும்.

அந்த இளைஞருக்குப் பி.சி.ஆர். வரை காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. சீழ் வடிகிற ஆணுக்கு மிக மலிவான சோதனையே போதும். மெல்லிய ஸ்வாபால் (பஞ்சு சுற்றிய குச்சி) ஒரு துளி எடுத்து, கண்ணாடித் தகட்டில் (ஸ்லைடு) தேய்க்காமல் உருட்டி, உலர்த்தி, கிருமிகளுக்கு நிறமேற்றும் கிராம் சாயமிட்டேன். நுண்ணோக்கியின் எண்ணெய் லென்ஸின் கீழ் வெள்ளையணுக்கள் குவியலாக இருந்தன. அவற்றில் ஒன்றின் வயிற்றுக்குள் இளஞ்சிவப்பாக ஜோடி ஜோடியாகப் புள்ளிகள்: இரண்டு காப்பிக்கொட்டைகளைத் தட்டைப் பக்கம் ஒன்றையொன்று பார்க்க வைத்தது போல. 1879இல் ஆல்பர்ட் நைசர் முதன்முதலில் விவரித்ததும் இதே ஜோடிகளைத்தான். கால் மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. அறிகுறி உள்ள ஆண்களிடம் இந்தச் சோதனை நூற்றுக்கு 95க்கு மேல் கண்டுபிடித்துவிடும்.

பெண்களிடம் இதே சோதனை பாதிப் பேரைத் தவறவிட்டுவிடும். கருப்பை வாயில் எடுத்த ஸ்லைடில் வேறு கிருமிகளின் கூட்டமே கண்ணை மறைக்கும். தொண்டையிலும் இது உதவாது. இதே குடும்பத்துச் சாதுவான கிருமிகள் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. பெண்களில் பாதிக்கு மேல் எந்தத் தொந்தரவும் தெரியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தெரியாமலே கிருமி மேலேறிக் கருக்குழாயை அடைத்து, பல ஆண்டுகள் கழித்துக் குழந்தையின்மைக்கான சிகிச்சையில்தான் தெரியவரும். எனவே பெண்களுக்குப் பி.சி.ஆர். தான் சரி. யோனியிலிருந்து ஸ்வாபை அவர்களே எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர் எடுப்பதற்கு அது குறைந்ததல்ல. இதைச் சொன்னதும் பலர் முகத்தில் தெரியும் நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் கொனோரியாவுக்கென்றே செய்யும் கல்ச்சர் எதற்கு? மருந்துக்காக. பெனிசிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று ஒவ்வொன்றையும் இந்தக் கிருமி வென்றுவிட்டது. இப்போது பெரிதும் நம்பியிருப்பது செஃப்ட்ரியாக்சோன் ஊசியை. எந்த மருந்து கேட்கும் என்று சொல்ல உயிருள்ள கிருமி வேண்டும், வழக்கமான பி.சி.ஆர். அதன் மரபணுவை மட்டுமே பார்க்கிறது. ஆனால் உயிரோடு பிடிப்பது லேசல்ல. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் செத்துவிடும், காய்ந்தால் செத்துவிடும், சில வகைப் பஞ்சு ஸ்வாப் கூட ஆகாது. சாக்லேட் அகார் என்ற தட்டில்தான் வளரும் (சாக்லேட் எதுவும் இல்லை, சூடாக்கிய ரத்தத்தின் நிறம் அது). கரியமில வாயுவும் வேண்டும். நான் படித்த காலத்தில் அகன்ற ஜாடிக்குள் தட்டுகளை அடுக்கி, ஒரு மெழுகுவத்தியை ஏற்றி மூடிவிடுவோம். அது தானே அணையும்போது உள்ளே போதுமான வாயு சேர்ந்திருக்கும். இன்றும் பல ஆய்வகங்களில் இதுதான் வழி. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய இரண்டு மாத்திரை உள்ளே போயிருந்தால் இத்தனை பாடும் வீண்.

நம் அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் அறிகுறியைப் பார்த்தே சாம்பல் நிற மருந்துப் பொட்டலம் இலவசமாகத் தரும் முறை நெடுங்காலமாக இருக்கிறது. நோயாளி மறுநாள் திரும்பி வருவாரா என்று தெரியாத இடத்தில் அது நல்ல ஏற்பாடு. ஆனால் அறிகுறியே இல்லாத பெண்ணுக்கு அந்த முறையில் இடமில்லை என்பது என் பழைய மனக்குறை.

கொனோரியாவுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆனாலும் அந்த இளைஞரிடம் ரத்தம் எடுத்தேன்: எச்.ஐ.வி., சிஃபிலிஸ், மஞ்சள் காமாலை பி வகை. ஒன்று வந்த வழியில் மற்றதும் வந்திருக்கலாம். அதே வழியில் தொற்றும் கிளமிடியா என்ற கிருமிக்கும் சேர்த்துப் பார்த்தோம். சிகிச்சை முடிந்த மறு வாரமே பி.சி.ஆர். செய்ய வேண்டாம், செத்த கிருமியின் மரபணு மிச்சமிருந்து பாசிட்டிவ் காட்டும் என்றும், மூன்று மாதம் கழித்து மறுபடி வரவேண்டும் என்றும் சொன்னேன். தலையாட்டினார்.

மனைவியை அழைத்துவரச் சொன்னபோதுதான் தலையாட்டவில்லை. நான்கு நாள் கழித்து இருவரும் வந்தார்கள். அந்தப் பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு ஒன்றுமே இல்லையே, எதற்குச் சோதனை?" ஸ்லைடில் எதுவும் தெரியவில்லை. பி.சி.ஆர். பாசிட்டிவ்.