காலில் இரும்பு இருக்கிறது, கையில் காகிதம் இல்லை

தம்புச் செட்டித் தெருவில் என் அலுவலகத்துக்கு ஏறும் படிக்கட்டு மிகவும் செங்குத்தானது. ஏற முடியாதவர்களைக் கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடையின் ஸ்டூலில் உட்காரவைத்து, நானே இறங்கிப்போய்ப் பேசுவது வழக்கம். சென்ற மாதம் கொருக்குப்பேட்டையிலிருந்து பேரனின் ஸ்கூட்டரில் வந்த எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், அந்த ஸ்டூலில் அமர்ந்ததுமே வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி இடது காலைக் காட்டினார். கெண்டைச்சதை ஒருபக்கம் வழித்தெடுத்ததுபோல் இருந்தது. பிறகு ஓர் எக்ஸ்-ரே படத்தை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். எலும்பை ஒட்டி ஐந்தாறு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. “கால்ல இரும்பு கிடக்குதும்மா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்றார்.

முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதிய வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக இந்தக் கேள்வியை நான் எத்தனையோ முறை கேட்டாயிற்று. இந்த ஆண்டில் மட்டும் இவர் நான்காமவர். அவருக்குப் பொறுமையாகச் சொன்னதை இங்கே சற்றுக் குறைந்த பொறுமையுடன் எழுதுகிறேன். அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பெரியவர் 1966-இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்தவர். 1971 டிசம்பர் போரில் மேற்கு எல்லையில் இருந்தார். டிசம்பர் 17-ஆம் தேதி இரவு சண்டை நின்றது. ஆனால் மண்ணுக்குள் புதைந்திருந்த கண்ணிவெடிகளுக்குப் போர்நிறுத்தம் தெரியாது. அவற்றை அகற்றும் வேலை சாப்பர்களின் தலையில் விழுந்தது. 1972 ஜனவரியில் அந்த வேலையில்தான் அவருடைய கால் சிதைந்தது. இரண்டு ஆண்டுகள் மருத்துவமனைக்கும் யூனிட்டுக்குமாக அலைந்த பின் 1974-இல் ராணுவ மருத்துவர் குழுவான மெடிக்கல் போர்டு அவரைப் பணிக்குத் தகுதியற்றவர் என்று வெளியேற்றியது. ஊனம் 15 முதல் 19 விழுக்காடு என்று போர்டு எழுதியது. 20 விழுக்காட்டுக்குக் குறைவு என்பதால் டிஸபிலிட்டி பென்ஷன், அதாவது ஊன ஓய்வூதியம், இல்லை என்று சொந்த ஊருக்கு ஒரு கடிதம் வந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கால் வலியை வெளியே சொன்னால் அந்த வேலையும் போய்விடும் என்று பயந்து, ஓய்வு பெறும் வரை வாயைத் திறக்கவில்லை. பேண்ட் போட்டிருந்ததால் உடன் வேலை பார்த்தவர்களுக்குக்கூடத் தெரியாதாம்.

இப்போது அவருடைய கேள்விக்கு வருகிறேன். தழும்பு ஒரு சாட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அது எதற்குச் சாட்சி என்று யோசிக்க வேண்டும். காலில் உலோகத் துகள் இருக்கிறது என்பதற்குச் சாட்சி. அந்தத் துகள் எந்த ஊரில், எந்தத் தேதியில், என்ன வேலையில் இருந்தபோது உள்ளே போனது என்பதற்கு அது சாட்சி அல்ல. படைவீரர் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து நின்று, “காயம் இருப்பதை நாங்கள் மறுக்கவில்லை, அது போரில் ஏற்பட்டது என்பதற்கு ஆவணம் எங்கே?” என்று ஒரே ஒரு வாக்கியம் கேட்டால், எக்ஸ்-ரே படத்தால் பதில் சொல்ல முடியாது. பெரியவரின் மெடிக்கல் போர்டு தாளில் கால் எலும்பு முறிவு என்று மட்டும்தான் இருக்கிறது. கால்பந்து ஆடி விழுந்தவனுக்கும் அதே சொல்தான் எழுதப்படும். மெடலும் அப்படித்தான். 1971-க்கான பஷ்சிமி ஸ்டார் நீங்கள் மேற்கு முனையில் பணியாற்றினீர்கள் என்று சொல்லும், காயம்பட்டீர்கள் என்று சொல்லாது. எதிரியின் நேரடித் தாக்குதலில் காயம்பட்டவருக்கென 1973-இல் ஏற்படுத்தப்பட்ட பராக்ரம் பதக்கம் வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு, “மெடல் இருக்கே மேடம்” என்று எதை எதையோ எடுத்து வருகிறார்கள். மெடல்களைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்குத் தேவை அவற்றுக்குக் கீழே மடித்துவைத்திருக்கும் காகிதம்.

காயம் என்ன என்பதைவிட, காயம் எப்படி ஏற்பட்டது என்று எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான் வழக்கு. காயம்பட்ட உடன் யூனிட் தயாரிக்கும் ஐ.ஏ.எஃப்.ஒய் 2006 என்ற காய அறிக்கையில் அந்த வரி இருக்கும். காயம்பட்டவரைப் போர்க்களப் பாதிப்புக்கு உள்ளானவர் என்று அறிவிக்கும், பார்ட் டூ ஆர்டர் என்ற யூனிட் ஆணையில் இருக்கும். ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற களமருத்துவப் பிரிவிலிருந்து பேஸ் ஹாஸ்பிடல் வரை போன மருத்துவச் சீட்டுகளில் இருக்கலாம். மெடிக்கல் போர்டு தாளில் இருந்தே ஆகவேண்டும், ஆனால் பல நேரம் இருப்பதில்லை.

இன்னொரு தவறான எண்ணம் பெரியவரையே ஐம்பது ஆண்டுகளாக ஏமாற்றியிருந்தது. “சண்டை முடிஞ்ச பிறகுதானே அடிபட்டேன், அது எப்படிப் போர்க்காயம் ஆகும்?” என்று அவரே என்னிடம் கேட்டார். 1974-இல் யாரோ ஒரு கிளார்க் சொன்னதாம். பாதுகாப்பு அமைச்சகம் 2001 ஜனவரி 31 அன்று பிறப்பித்த ஆணை, பணியில் ஏற்படும் இறப்பையும் ஊனத்தையும் ஏ (A) முதல் இ (E) வரை ஐந்து பிரிவுகளாக வகைப்படுத்துகிறது. அதில் ‘இ’ பிரிவு போர்க்காயம். எதிரியின் குண்டு மட்டுமல்ல, கண்ணிவெடி புதைப்பதும் அகற்றுவதும் அந்தப் பிரிவில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. 1996-க்கு முன் வெளியேறியவர்களுக்கு இந்த ஆணை பொருந்தாது, அவர்களுக்கு அந்தந்தக் காலத்து ஆணைகளைக் கொண்டுதான் வாதிட வேண்டும். 1971 போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே 1972 பிப்ரவரி 24 தேதியிட்ட ஆணை ஒன்று உண்டு. ஆக, சண்டை ஓய்ந்த தேதியை வைத்து உங்கள் காயத்துக்கு நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள்.

‘போர்க்காயம்’ என்ற சொல்லுக்காக இவ்வளவு சண்டை எதற்கு என்று மகன்களும் மருமகன்களும் கேட்கிறார்கள். அவர்களுக்காக ஒரு கணக்கு. கடைசியாக வாங்கிய, கணக்கில் கொள்ளத்தக்க சம்பளம் 30,000 ரூபாய், ஊனம் 50 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். சாதாரண டிஸபிலிட்டி பென்ஷனில் ஊனத்துக்கான பகுதி மாதம் 4,500 ரூபாய். அதே ஊனம் போர்க்காயம் என்று ஏற்கப்பட்டு, முழுப் பணிக்காலம் முடித்து வந்தவர் என்றால் 9,000 ரூபாய். போர்க்காயத்தால் இடையிலேயே வெளியேற்றப்பட்டவர் என்றால் 15,000 ரூபாய். பணிக்கால ஓய்வூதியப் பகுதி இதில் சேராது. பணத்துக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. பெரியவர் பணத்தைப் பற்றி என்னிடம் இரண்டாவது சந்திப்பில்தான் கேட்டார். முதல் சந்திப்பு முழுவதும், அந்தத் தாளில் ‘எலும்பு முறிவு’ என்று இருப்பதை மாற்ற முடியுமா என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

காலதாமதத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை அரைகுறையாகிவிடும். இறுதி ஆணை வந்து ஆறு மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இதைப் பாதியாகப் படித்தவர்கள், எல்லாம் முடிந்துபோனது என்று கைகழுவிவிடுகிறார்கள். ஓய்வூதியம் மாதாமாதம் மறுக்கப்படும் ஒன்று, எனவே அந்தத் தவறு மாதாமாதம் புதிதாக நிகழ்கிறது என்பது நீதிமன்றங்கள் ஏற்ற நிலைப்பாடு. 1983-இல் வெளியேற்றப்பட்டு, 16 ஆண்டுகள் கழித்து உயர் நீதிமன்றப் படியேறிய தர்செம் சிங் என்ற வீரரின் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் அவரது ஓய்வூதிய உரிமையில் கைவைக்கவில்லை. ஆனால் நிலுவைத் தொகையை மனுப்போட்ட தேதிக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் சுருக்கிவிட்டது. அதாவது கதவு திறந்திருக்கிறது, ஆனால் நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாத நிலுவையை இழக்கிறீர்கள். ஐம்பது ஆண்டுப் பாக்கி மொத்தமாக வரும், அதில் எனக்கு இத்தனை விழுக்காடு என்று டீக்கடையில் உட்கார்ந்து பேரம் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதை வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதியே தடை செய்கிறது. கேட்கிறவர் வழக்கறிஞராக இருந்தால் அவர் விதியை மீறுகிறார், இல்லையென்றால் அவர் யார் என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

15 முதல் 19 விழுக்காடு என்ற கணக்கும் பெரியவரைத் தடுக்காது. ஊனத்தின் காரணமாக ஒருவர் படையிலிருந்து வெளியேற்றப்பட்டால், அந்த ஊனம் 20 விழுக்காட்டுக்கு மேற்பட்டது என்றே கொள்ள வேண்டும் என 2014-இல் சுக்விந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், 50-க்குக் குறைந்த ஊனத்தை 50 என முழுமையாக்கும் பயனையும் பரவலாக்கியது. இவையெல்லாம் செய்தித்தாளில் வந்தவைதான். பெரியவர் வீட்டுக்கு யாரும் எடுத்துப்போய்ச் சொல்லவில்லை.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது அவர் கொண்டுவந்த ஃபைலைப் பார்த்தபோதுதான். குடியரசுத் தலைவருக்கு மூன்று மனு, பிரதமருக்கு நான்கு, ராஜாஜி சாலையில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தவை நான்கு. ஒவ்வொன்றுக்கும் பச்சை நிற ஒப்புகைச் சீட்டு பின் செய்யப்பட்டிருந்தது. பதினொரு மனுக்களில் ஒன்பதில் அவருடைய ஆர்மி நம்பரே இல்லை. ராணுவ ஓய்வூதியத்தில் கலெக்டருக்கு அதிகாரம் கிடையாது. மனு என்பது மேல்முறையீடு அல்ல. நீங்கள் எழுதவேண்டியது உங்கள் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். சி.ஆர்.பி.எஃப், பி.எஸ்.எஃப் போன்ற துணை ராணுவப் படைகளில் இருந்தவர்கள் தீர்ப்பாயத்துக்கு வரக் கூடாது, அவர்களுக்கு உயர் நீதிமன்றம்தான். இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன வாரம்கூட ஒருவரைத் திருப்பி அனுப்பினேன்.

முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஆவணங்களைக் கேளுங்கள். “என் ஆவணங்கள் அனைத்தும்” என்று மொட்டையாகக் கேட்காமல், மெடிக்கல் போர்டு நடவடிக்கைகள், காய அறிக்கை, பார்ட் டூ ஆர்டர், லாங் ரோல் என்ற படைவீரர் பதிவேட்டில் உள்ள பதிவு என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவர்களின் பணிக்கோப்புகளை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவது ராணுவ நடைமுறை. லாங் ரோல் மட்டும் மிஞ்சும். பெரியவரின் கோப்பு 1999 வரை இருந்திருக்க வேண்டும். அழித்துவிட்டோம் என்று பதில் வந்தால், அழித்ததற்கான பதிவின் நகலையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் எதையும் மறைக்கவில்லை என்பதற்கு அதுவே ஆதாரம்.

வீட்டில் இருப்பதையாவது காப்பாற்றுங்கள். வடசென்னையில் ஆவணங்கள் இருக்கும் இடம் கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, ஃப்ரிட்ஜைத் தூக்கி மேலே வைத்தவர்கள் அந்தப் பெட்டியை மறந்துவிட்டார்கள். படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்குகளில் என்னிடம் வந்த இரண்டு அப்பளம்போல் ஒட்டிக்கொண்டிருந்தன. இன்றைக்கே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து மகனுக்கும் மகளுக்கும் அனுப்பிவையுங்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு எழுதிய இன்லேண்டு கடிதம், காயம்பட்ட செய்தி வந்த தந்தி, 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக முத்திரை உள்ள எந்த உறையும் பழைய குப்பை அல்ல. தேதியோடு கிடைக்கும் எதுவும் வழக்குக்கு உதவும். எம்.ஆர்.ஐ எடுக்கும் முன் உடம்பில் உலோகத் துகள் இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அது என் துறை இல்லை என்றாலும்.

ஒரு வேண்டுகோள், இது அதட்டல் அல்ல. ஐயா, உங்களுக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்குப் பின் வழக்கைத் தொடரும் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ “ஏதோ வெடிச்சுதாம்” என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. தேதி, இடம், கம்பெனி, உடன் இருந்தவர்கள், தூக்கிச் சென்றவர், எந்த மருத்துவமனை என்று பேரனைவிட்டு எழுதவையுங்கள். உடன் இருந்தவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்களுடைய பிரமாண வாக்குமூலம், கோப்பு அழிந்துபோன வழக்கில் பெரும்பலம்.

பெரியவரின் மனைவி வீட்டு சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தந்தியைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். மடிப்பில் கிழிந்திருந்தாலும், ஜனவரி 1972 என்ற தேதியும் கண்ணிவெடி என்ற சொல்லும் படிக்க முடிகிறது. காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவுடன் சேர்த்து வழக்கைத் தாக்கல் செய்துவிட்டோம். தேதி கிடைத்ததைச் சொல்ல போன் செய்தபோது, “ஹியரிங்குக்கு மெடல் போட்டுக்கிட்டு வரலாமாம்மா?” என்று கேட்டார். தாராளமாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், டிஸ்சார்ஜ் புக்கின் அசலை மட்டும் மறந்துவிடாதீர்கள் என்றேன்.