பால்வாடியில் முட்டையோடு எடையையும் கேளுங்கள்

ராமநாதபுரம் மாவட்டம் தேவிபட்டினத்துக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு பால்வாடி, அதாவது அங்கன்வாடி. உத்தரத்துக் கொக்கியில் தராசு தொங்குகிறது. அதில் மாட்டிய துணித் தொட்டிலில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்துகொண்டு ஊரையே கூட்டுகிறது. காலை உதறிக்கொண்டே இருப்பதால் முள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. டீச்சர் அது அடங்கும்வரை காத்திருந்து, "எட்டு அறுநூறு" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். தூக்கிவந்த அப்பத்தா சத்துமாவுப் பொட்டலத்தை ஒரு கையிலும் பேத்தியை இடுப்பிலும் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எட்டு அறுநூறு நல்லதா கெட்டதா, போன மாதம் எவ்வளவு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. நோட்டை எட்டிப் பார்த்தேன். போன மாதமும் எட்டு அறுநூறுதான். அதற்கு முந்தின மாதமும் அதேதான்.

பிள்ளையின் எடையைக் குறிக்கும் வளர்ச்சி அட்டையில் உள்ள வண்ணக் கணக்குப்படி இந்தக் குழந்தை இன்னும் பச்சைக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்கு எடை 8.1 கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் எடைக் குறைவு என்று எழுதுவார்கள். ஆனால் இந்த வயதில் பிள்ளைக்கு மாதம் 200 கிராம் அளவுக்காவது கூட வேண்டும். மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கும் எடை ஏதோ சரியில்லை என்பதற்கு அடையாளம். வயிற்றுப்போக்கோ, சாப்பாடு போதாமையோ, தாய் அடுத்த பிள்ளையைச் சுமந்திருப்பதோ, எதுவாகவும் இருக்கலாம். வண்ணம் மாறுகிறவரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

பால்வாடி என்றால் முட்டை, சோறு, மாவு என்றுதான் நம் ஊர்களில் கணக்கு. அந்தத் தராசும் பிள்ளையின் உரிமைதான் என்பது பலருக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் எடை பார்த்து உணவு கொடுக்கும் முறையைப் பெரிய அளவில் செய்து காட்டிய இடங்களில் நம் மாவட்டமும் ஒன்று. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மதுரை, ராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களில் நடந்தது. சிவகங்கையும் விருதுநகரும் பிரியாத பழைய ராமநாதபுரம் அது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை சரியாகக் கூடாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை கொடுத்தார்கள். எடை ஏறியதும் நிறுத்தினார்கள். தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடைக்கோட்டைக் காட்டிப் பேசினார்கள். எல்லாருக்கும் அள்ளிக் கொடுக்காமல் யாருக்குத் தேவை என்று தராசைக் கேட்ட அந்த முறையை, ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள். நமக்குத்தான் மறந்துபோயிற்று.

சரி, சட்டப்படி என்ன கிடைக்க வேண்டும்?

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது. தமிழ்நாட்டில் 2016 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகிலுள்ள அங்கன்வாடியில் இலவச உணவு உண்டு. ஒரு நாளைக்கு 500 கலோரி என்பது அளவு. கர்ப்பிணிக்கும், பிரசவமாகி ஆறு மாதம் வரையுள்ள தாய்க்கும் 600 கலோரி. ஊட்டச்சத்துக் குறைந்த பிள்ளை என்று கண்டறிந்தால் அது 800 ஆகிறது. கண்டறிவது யார்? அதே அங்கன்வாடிதான், சட்டத்தின் 6-ஆம் பிரிவு அந்தப் பொறுப்பை அரசின்மேல் வைத்திருக்கிறது. எடை போடாத பிள்ளைக்கு 500-க்கும் 800-க்கும் உள்ள அந்த வித்தியாசம் எப்போதும் வந்து சேராது. நான் தராசையே சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம் இதுதான்.

மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் வீட்டுக்குக் கொண்டுபோகச் சத்துமாவு. கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் இவற்றோடு வைட்டமின்கள் சேர்ந்தது அது. மையத்தில் இருந்து சாப்பிடும் பெரிய பிள்ளைகளுக்குச் சூடான கலவைச் சோறும், வாரத்தில் 3 நாள் முட்டையும். மாவு விஷயத்தில் வீடுகளில் நடப்பது எல்லாருக்கும் தெரியும்: பணியாரம் சுட்டு வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் பங்கு வைப்பார்கள், கொஞ்சம் ஆட்டுக்கும் போகும். கட்டி தட்டிய மாவை யார்தான் தின்பார்கள்? கடற்காற்றுக்குப் பொட்டலத்தைத் திறந்து வைத்தால் நாலு நாளில் ஈரம் கோத்துவிடும். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, பிள்ளையின் பங்கைத் தனியே வையுங்கள்.

ரேஷன் கார்டு என்ன நிறம், வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் உண்டா என்ற கேள்விக்கு இதில் இடமில்லை. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13-இல் இட்ட உத்தரவு ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். அந்த உத்தரவில் இன்னொன்றும் இருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகளாவது இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி அமைத்துத் தர வேண்டும். கரையோரமாகத் தனியே விழுந்த குடியிருப்புகளில் இருப்பவர்கள் இந்த வரியை மனுவில் அப்படியே எழுதலாம்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாக ஒரு திட்டம் இருக்கிறது: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. மொத்தம் 18,000 ரூபாய். இதில் 14,000 பணமாகவும், 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். பெட்டகத்தில் சத்து மாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய் போன்றவை இருக்கும். முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான். 19 வயது நிரம்பியிருக்க வேண்டும்; 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து எண் வாங்கிவிட வேண்டும். கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் பலர் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து நிமிரும் வேலையில் நாள் தள்ளிப்போனதைக் கவனிக்க ஏது நேரம் என்று ஒரு பெண் என்னிடமே திருப்பிக் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த எண் இல்லாமல் பணமும் வராது, பெட்டகமும் வராது.

இனி வீட்டுக்குள் இருக்கும் உணவு. மீன் இறங்கும் கரையில் பிள்ளைக்கு மீன் கிடைப்பதில்லை என்றால் வெளியூர்க்காரர் நம்ப மாட்டார். நல்ல மீன் ஏலத்துக்குப் போகிறது; மீந்தது குழம்பாகிறது. குழம்பில் காரம் தூக்கல், அதனால் பிள்ளைக்கு வெறும் ரசச்சோறு. "ஒரு வயதுக்குள் மீன் கொடுத்தால் மாந்தம் வரும்" என்று பெரியவர்கள் தடுத்தும் விடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேறு சொல்கிறது: ஆறு மாதம் முடிந்ததிலிருந்து தாய்ப்பாலோடு மீன், முட்டை, இறைச்சி போன்ற ஏதாவது ஒன்று தினமும் பிள்ளையின் உணவில் இருக்க வேண்டும். குழம்பில் மிளகாய் கூட்டும் முன் ஒரு துண்டு மீனை உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டு, குழைந்த சோற்றில் பிசைந்து கொடுத்தால் போதும். இதற்கு அரசுத் திட்டம் எதுவும் தேவையில்லை.

தாய்மாருக்கு இரத்தசோகை பெரிய சிக்கல். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 விழுக்காடு. நம் வாலிநோக்கத்து அரசு உப்பளத்து உப்பில் அயோடினும் இரும்புச்சத்தும் சேர்த்துச் சத்துணவுக்கு அனுப்புகிறார்கள். அதே கரையில் இருக்கும் வீட்டு அடுப்பில் கல் உப்பு. செவிலியர் தரும் இரும்புச்சத்து மாத்திரையையாவது விடாமல் போடுங்கள்; மாத்திரையோடு டீ வேண்டாம், அது சத்தை உடம்பில் சேரவிடாது.

வயிற்றுப்போக்கு வந்தால் நாலு நாளில் நாலு மாதத்து எடை கரைந்துவிடும். குடத்துத் தண்ணீரைச் சேமித்து வைத்துக் குடிக்கும் ஊர்களில் இது அடிக்கடி நடப்பதுதான். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தோடு துத்தநாக மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள். போக்கு நின்றாலும் 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும்.

மையத்தில் ஒழுங்காக எடை போடவில்லை, மாவு வரவில்லை என்றால் முதலில் டீச்சரிடம் சண்டை போடாதீர்கள். பாதி நேரம் அவர் கையிலும் எதுவும் இருப்பதில்லை. வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். அங்கே நகரவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு குறைதீர்ப்பு அலுவலர் உண்டு. அதற்கு மேலே மாநில உணவு ஆணையம். உரிய உணவு தரப்படாவிட்டால் அதற்கு ஈடாகப் பணமாக உணவுப் பாதுகாப்புப் படி கேட்கவும் 8-ஆம் பிரிவு இடம் தருகிறது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், இப்போது நிறையப் பேரை அலைக்கழிப்பது. வீட்டுக்குக் கொண்டுபோகும் மாவுக்கு, முகத்தைப் படம் பிடித்து ஆளை உறுதிசெய்யும் முகப்பதிவு வந்துவிட்டது. முதல் தடவை பதியும்போது ஆதாரோடு சேர்ந்த செல்போனுக்கு ரகசிய எண் வரும். பல வீடுகளில் அந்த எண் கணவருடையது. அவரோ நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கு கடலுக்குப் போயிருக்கிறார், போன் அவர் மடியில். அப்பத்தா பால்வாடி வாசலில் காத்திருக்கிறார். பிள்ளைக்குத் தனி ஆதார் இல்லாவிட்டாலும் தாயின் ஆதாரை வைத்தே பதியலாம். ஆகவே படகு கரையில் இருக்கும் நாளாகப் பார்த்து, தாயின் ஆதாரில் தாயின் சொந்த செல்போன் எண்ணையே சேர்த்துவிடுங்கள்.