லேபில் இருந்த களவு

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிறிஸ்தவ மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியராக இருக்கிறேன். காலை ஜெபத்தில் பிள்ளைகள் பத்துக் கட்டளைகளை ஒப்பிப்பார்கள். 'களவு செய்யாதிருப்பாயாக' என்று சொல்லிவிட்டு லேபுக்குள் வந்தால், பாதிக் கணினிகளில் கிராக் செய்த, அதாவது காசு கொடுக்காமல் உரிமப் பூட்டை உடைத்த, விண்டோஸ். பல வருடங்கள் இது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒருநாள் பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் பென் டிரைவில் ஏதோ ஒரு கேமுக்கான கிராக்கைக் கொண்டுவந்தான். கண்டித்தேன். அவன் எதிரே இருந்த கணினியைக் காட்டினான். அதில் கிராக் செயலிழந்து, ஆக்டிவேட் செய்யச் சொல்லும் எழுத்து திரையின் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தது. "அப்போ இது என்ன சார்?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

இது பாவ புண்ணியக் கணக்கு மட்டுமல்ல. கிராக்கோடு வரும் குறிப்பு பெரும்பாலும் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லித்தான் தொடங்கும். காவலாளியை அனுப்பிவிட்டு முன்பின் தெரியாதவருக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாகிரை வைரஸ் பரவியதே, அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. கிராக் விண்டோஸில் அப்டேட்டை நாமே நிறுத்தி வைத்திருப்போம். அதே நெட்வொர்க்கில் அலுவலகக் கணினியும் இருந்தால், கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் ஏற்றுவதற்காக வைத்திருக்கும் பிள்ளைகளின் விவரங்களுக்கும் ஆபத்து. திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குற்றமும்கூட.

மே விடுமுறையில் எல்லாக் கணினியிலும் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டோம், ஒன்றைத் தவிர. பிளஸ் டூ பைத்தானை எழுதி ஓட்டிப்பார்க்கும் ஐடில் இலவசம், சிக்கலே இல்லை. பிளஸ் ஒன் சி பிளஸ் பிளஸ்தான் படுத்தியது. பழைய டர்போ சி கம்பைலர் பழக்கத்தில், அதற்கே உரிய கோனியோ ஹெடர், கெட்ச் வரிகளோடு எழுதிய புரோகிராம்கள் எதுவும் உபுண்டுவின் ஜி பிளஸ் பிளஸ் கம்பைலரில் ஓடவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். உண்மையில் அந்த வரிகள் தேவையே இல்லை என்று பிள்ளைகள் புரிந்துகொண்டது அப்போதுதான். கணக்குப்பதிவியலுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளின் இலவசக் கல்விப் பதிப்பை ஒரு விண்டோஸ் கணினியில் வைத்திருக்கிறோம், அந்த விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியது. கல்விப் பதிப்பில் மாதத்தின் 1, 2, கடைசித் தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும். பயிற்சிக்கு அது போதும்.

பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் பாடத்துக்குத்தான் சரியான மாற்று கிடைக்கவில்லை. அடோபியே எப்போதோ கைவிட்ட மென்பொருள் அது. இப்போதைக்கு அதே வேலைக்கான ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருளில் செய்துகாட்டி, பாடநூலில் உள்ள மெனுப் பெயர்களைப் பக்கத்திலேயே போர்டில் எழுதிப்போடுகிறேன்.