புதுக் கத்தியின் முதல் வாரக் கூர்மையை நம்பி ஏமாற வேண்டாம்

போன மாதம் ஒரு கல்யாண சமையல் மாஸ்டர் எங்கள் பட்டறைக்கு வந்தார். கையில் ஆறு புதுக் கத்திகள், அதில் ஒன்றுக்கு அட்டை உறைகூடப் பிரிக்கவில்லை. "வாங்கிப் பத்து நாள்தான் தம்பி ஆச்சு. வந்த அன்னைக்குப் பேப்பரை சர்ருனு அறுத்துச்சு, இப்பத் தக்காளித் தோல்ல வழுக்குது. போலிச் சரக்கைத் தலையில கட்டிட்டாங்க போல" என்றார்.

போலி இல்லை. இரும்பு நல்ல இரும்புதான், கத்தியின் வாய், அதாவது வெட்டுகிற ஓரம்தான் சரியில்லை. ஓட்டல்களுக்கும் மெஸ்களுக்கும் கத்தி தீட்டிக் கொடுப்பதே என் வேலை என்பதால் இந்தப் புகாரை வாரம் தவறாமல் கேட்கிறேன். நல்ல கத்தியைக் குப்பை என்று நினைத்து மூலையில் போட்டுவிட்டு, மறுபடி காசு கொடுத்து அதே மாதிரி இன்னொன்றை வாங்குபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரிக்காத அந்தக் கத்தியை எடுத்து 60 மடங்கு லென்ஸுக்கு அடியில் வைத்து மாஸ்டரைப் பார்க்கச் சொன்னேன். வாய் நெடுக வெள்ளி ஜரிகை இழை மாதிரி ஒன்று ஓடியது. சில இடத்தில் நிமிர்ந்து நின்றது, சில இடத்தில் இடப்பக்கம் சாய்ந்திருந்தது, நடுவில் ஓரிடத்தில் பிய்ந்து தொங்கியது. அதற்குப் பெயர் பிசிறு. தகரத்தை வெட்டினால் ஓரத்தில் கையைக் கிழிக்கிற மாதிரி ஒன்று நிற்குமே, அதேதான், மிக மெல்லியதாக. கத்தியை ஒரு பக்கம் தீட்டும்போது வாயின் நுனியில் இருக்கிற உலோகம் தேய்ந்து தேய்ந்து மறுபக்கம் மடிந்து நிற்கும். பக்கம் மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து அதை எடுத்துவிட்டால்தான் தீட்டிய வேலை முடிந்ததாக அர்த்தம். தொழிற்சாலையில் ஓடுகிற தீட்டும் பெல்ட்டில் ஒவ்வொரு கத்திக்கும் கிடைக்கிற நேரம் கொஞ்சம், அப்புறம் பஃப் என்கிற மெருகேற்றும் சக்கரத்தில் ஒரு மெருகு. அந்த மெருகு பல சமயம் பிசிறை எடுப்பதில்லை, நிமிர்த்தி மட்டும் விடுகிறது. நிமிர்ந்த பிசிறு பிளேடு போல மெல்லியது என்பதால் கடையில் பேப்பரை அருமையாக அறுக்கும், கட்டைவிரலில் வைத்துப் பார்த்தால் கரகரவென்று பிடிக்கும், வாங்குகிறவருக்கும் திருப்தி. வீட்டுக்கு வந்து நறுக்கும் பலகையில் நாலு நாள் தட்டியதும் அது மடிந்துவிடும், இல்லாவிட்டால் உடைந்து விழும், அதற்கு அடியில் இருப்பதோ முதலிலிருந்தே மொட்டையான நுனி.

இதை நீங்களே சோதிக்கலாம். புதுக் கத்தியால் முதலில் ஒரு பேப்பரை அறுத்துப் பாருங்கள். பிறகு ஒரு மரத்துண்டின் ஓரத்தில், அழுத்தாமல், அறுப்பது போல நாலைந்து தடவை இழுங்கள். மறுபடி பேப்பர். நன்றாகத் தீட்டிய வாய் என்றால் பெரிய வித்தியாசம் தெரியாது. முதலில் சர்ரென்று போன கத்தி இப்போது பேப்பரைக் கிழித்துக்கொண்டு நிற்கிறது என்றால் நீங்கள் பார்த்தது பிசிறின் கூர்மை. மாஸ்டர் கண் முன்னால் அந்தக் கத்தியில் இதைச் செய்தேன். இரண்டாவது தடவை பேப்பர் பாதியில் மாட்டிக்கொண்டது. அவர் ஒன்றும் பேசவில்லை, கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிசிறோடு சூடும் ஒரு சிக்கல். நல்ல வாயின் நுனி ஒரு மைக்ரானுக்கும் குறைவாக இருக்கும், நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்றால் எவ்வளவு மெல்லியது என்று யோசித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு மெல்லிய இடத்தைத் தண்ணீர் இல்லாமல் வேகமாக ஓடும் பெல்ட்டில் வைத்தால் கத்தி கைக்குச் சுடாமல் இருக்கும்போதே நுனி மட்டும் வெந்து, உலையில் ஏற்றிய பதம் அங்கே போய்விடும். பதம் போன இரும்பு கூர்மையைத் தாங்காது. இதில் நல்ல செய்தி என்னவென்றால், கெட்டது அந்த நுனி மட்டும்தான். இரண்டு மூன்று தடவை கல்லில் தீட்டி அது தேய்ந்து போனதும் உள்ளே இருக்கிற நல்ல இரும்பு வெளியே வரும். "முதல்ல மட்டமா இருந்துச்சு, தீட்டத் தீட்ட நல்லா ஆயிருச்சு" என்று சிலர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கத்தியின் கூர்மையைச் சோதிக்க ஐஎஸ்ஓ 8442-5 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. சிலிக்கா கலந்த அட்டையைக் கத்தி மேல் வைத்து, குறிப்பிட்ட எடையில் 60 தடவை முன்னும் பின்னும் ஓட்டி, எவ்வளவு ஆழம் வெட்டியது என்று அளப்பார்கள். முதல் மூன்று ஓட்டத்தின் கணக்கைத் தனியாகவும் மொத்த ஓட்டத்தின் கணக்கைத் தனியாகவும் எடுப்பார்கள். ஆரம்பக் கூர்மை வேறு, நிலைத்து நிற்கும் கூர்மை வேறு. கடையில் பேப்பர் அறுத்துக் காட்டுவது முதல் கணக்கை மட்டும்தான் காட்டும்.

விலை கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானில் சகாய் ஊரில் கத்தி அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் இன்னொருவர், பிடி போடுபவர் வேறொருவர். அவ்வளவு பேர்போன ஊரிலேயே ஒருபக்கம் மட்டும் சரிவு வைத்த கத்திகள் பல கடைசித் தீட்டு இல்லாமலே விற்பனைக்கு வரும். தன் கைக்கும் வேலைக்கும் ஏற்றபடி வாயை வைத்துக்கொள்வது சமையல்காரர் பொறுப்பு என்பது அங்கே வழக்கம்.

சரி, வீட்டில் என்ன செய்வது? 1000 நம்பர் தண்ணீர்க் கல், அதாவது தண்ணீர் விட்டுத் தீட்டுகிற கல் ஒன்று போதும். இரும்பின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் ஜெர்மானிய வகைக் கத்திகள் 56 முதல் 58, ஜப்பானிய வகை பெரும்பாலும் 60க்கு மேல். முதல் வகைக்கு பக்கத்துக்கு 20 டிகிரி, இரண்டாவதற்கு 15 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். அலகு 45 மில்லிமீட்டர் அகலம் என்றால் கத்தி முதுகைக் கல்லிலிருந்து 12 மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தால் சுமார் 15 டிகிரி, 15 மில்லிமீட்டர் தூக்கினால் சுமார் 20. ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கம் முழுநீளத்துக்கும் பிசிறு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், அப்புறம்தான் பக்கம் மாற்ற வேண்டும். கடைசி பத்து இழுப்பு கத்தியின் சொந்த எடை மட்டும் கல்லில் படுகிற அளவுக்கு மெதுவாக, பக்கம் மாற்றி மாற்றி. முடிந்ததும் கொஞ்சம் பஞ்சை எடுத்து முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக வெளியே தடவுங்கள். எங்கே பஞ்சிழை சிக்குகிறதோ அங்கே பிசிறு மிச்சம் இருக்கிறது. மறுபக்கமும் பாருங்கள். கத்தியை உள்ளே விட்டு இழுக்கிற சின்னப் பெட்டி ஒன்று எல்லாக் கடையிலும் தொங்குகிறதே, அது வேண்டாம். பெரும்பாலும் அது இரும்பைச் சுரண்டி புதிதாக ஒரு பிசிறைத்தான் உண்டாக்கும்.

வாயில் பிடியை ஒட்டிய அடிப்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட்டில் அங்கே அதிகம் தேய்ந்து குழிந்திருந்தால் அந்த இடம் பலகையைத் தொடாது, நறுக்கிய வெண்டைக்காய் பிரியாமல் மாலை மாதிரித் தொங்கும். அதை வீட்டில் சரிசெய்வது கஷ்டம், அப்படிப்பட்ட கத்தியைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் காயங்கள். என்னிடம் கத்தி கொடுக்கும் சமையலறைகளில் விரலில் துணி சுற்றிக்கொண்டு நிற்கிற பையன்களைக் கேட்டால் பலரும் சொல்வது ஒன்றுதான்: "புதுக் கத்திதாண்ணே, வெங்காயத்துல வழுக்கிருச்சு." முதல் நாள் லேசாகத் தொட்டதும் வெட்டிய கத்தி பத்தாம் நாள் வெட்டவில்லை என்றால் கை தானாகவே அழுத்தும். அழுத்துகிற கத்தி வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

கல்லில் தீட்டப் பொறுமை இல்லை என்பவர்கள் தெருவில் வருகிற சாணைக்காரரிடம் தாராளமாகக் கொடுக்கலாம், கை பழகியவர் நன்றாகவே தீட்டிக் கொடுப்பார். கொடுக்கும்போது ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கொண்டுபோய் வையுங்கள். "அண்ணா, ஒவ்வொரு இழுப்புக்கும் நனைச்சுக்குங்க, பொறி அதிகம் பறக்க வேண்டாம், கடைசியில பிசிறு எடுத்துக் கொடுங்க" என்று சொல்லுங்கள். கத்தி கைக்கு வந்ததும் அவர் முன்னாலேயே பஞ்சைத் தடவிப் பாருங்கள்.