கிரெக்ஸ்: ஆர்க்கிட் கலப்பினங்களின் பிறப்புப் பெயர்

முறையாகப் பெயர் எழுதிய ஒரு கலப்பின ஆர்க்கிட்டின் சீட்டில் மூன்று பகுதிகள் வரை இருக்கும். முதலில் பேரினப் பெயர். கடைசியில், தனிப்பெயர் பெற்ற செடியானால், ஒற்றை மேற்கோள்குறிக்குள் அந்தப் பெயர். இரண்டுக்கும் நடுவே, எந்தக் குறியும் இல்லாமல் நிற்பதுதான் கிரெக்ஸ்.

கிரெக்ஸ் லத்தீன் சொல். மந்தை என்று பொருள். ஆர்க்கிட் வளர்ப்பில், குறிப்பிட்ட இரண்டு பெற்றோரைக் கலந்ததால் பிறந்த எல்லாச் செடிகளுக்கும் சேர்த்து வைக்கும் ஒரே பெயர் அது. எது காயைத் தாங்கியது, எது மகரந்தம் தந்தது என்பது கணக்கில் வராது. வேறொருவர் வேறொரு நாட்டில் அதே இரண்டையும் மறுபடி கலந்தாலும் பழைய பெயர்தான். வளர்ப்புத் தாவரங்களுக்கான இன்றைய பெயரிடல் விதிகளில் இந்த வகைப்பாடு ஆர்க்கிட்டுக்கு மட்டுமே உரியது.

சிங்கப்பூரின் தேசிய மலரையே எடுத்துக்கொள்ளலாம். ஆக்னஸ் ஜோக்கிமின் தோட்டத்தில் உருவான அந்தக் கலப்பினம் 1893இல் 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' என்ற பெயரில் வெளியுலகுக்கு அறிமுகமானது. ஹூக்கெரியானா, டெரஸ் என்ற இரு இனங்கள் அதன் பெற்றோர். பிற்பாடு தாவரவியலாளர்கள் அந்த இரண்டையும் பாப்பிலியோனாந்தே என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். முன்பெயர் போனது, மிஸ் ஜோக்கிம் அப்படியே நிற்கிறது. அந்தப் பெயரைத் தாங்கிய செடிகளில் ஒரு தனிச்செடியும் அதிலிருந்து பிரித்துப் பெருக்கியவையும்தான் 'ஆக்னஸ்'. 1981இல் தேசிய மலராகத் தேர்வானது அதுவே.

ஒரே காயின் விதையில் முளைத்த செடிகள்கூட நிறத்திலும் அளவிலும் இதழ்க் கோடுகளிலும் வேறுபடும். வேறு வேறு பெற்றோருக்குப் பிறந்தவையோ அச்சு அசலாக ஒன்றுபோல் பூக்கலாம். ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் பேரினத்தில் வெள்ளைக் கலப்பினங்கள் எத்தனையோ உண்டு, பூவை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது. கிரெக்ஸ் என்பது பிறப்புப் பதிவு, தோற்றத்துக்கு வைத்த பெயர் அல்ல. எனவே சீட்டுத் தொலைந்த செடியின் படத்தைப் பார்த்து, 'இது இன்னதுபோல இருக்கிறதே' என்று ஒரு பெயரை ஒட்டிவிடக் கூடாது. அந்தத் தவறான பெயரோடு செடி கைமாறும். அதை வைத்து யாராவது அடுத்த கலப்பும் செய்தால், அந்த வம்சாவளி முழுவதும் பிழையாகிவிடும். 'ஃபலனாப்சிஸ் கலப்பினம்' என்று எழுதி நிறுத்துவதே நேர்மை. சீட்டு இருந்தால், பெற்றோர் யார் என்பதை அரச தோட்டக்கலைச் சங்கத்தின் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். ஆர்க்கிட் வளர்த்து விற்ற சாண்டர் நிறுவனம் 1906இல் பட்டியலாக வெளியிட்ட பதிவுகளை, 1961 முதல் பிரிட்டனின் அந்தச் சங்கம்தான் தொடர்ந்து பராமரிக்கிறது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'ஒட்டு ரகம்' என்ற வழக்கு இங்கே பொருந்தாது. ஒட்டு என்றால் ஒரு செடியின் தண்டை இன்னொன்றில் பொருத்துவது. ஆர்க்கிட் ஒருவித்திலைத் தாவரம், அதில் வழக்கமான முறையில் ஒட்டுக்கட்ட வழியில்லை. 'ரகம்' என்று மட்டும் சொன்னால் மேற்கோள்குறிக்குள் வரும் பெயரோடு குழம்பும். 'குடும்பம்' என்பதைத் தாவரவியல் முன்பே எடுத்துக்கொண்டது. 'ஈற்று' அழகான சொல்தான், ஆனால் ஒரே பிரசவத்தில் பிறந்தவற்றையே அது குறிக்கும். கிரெக்ஸோ எத்தனை முறை கலந்தாலும் எல்லாவற்றையும் உள்ளடக்கும். 'உடன்பிறப்புக் குழு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பெற்றோர் ஒன்று, பிறந்த காலம் வேறாக இருக்கலாம் என்ற இரண்டையும் அது சொல்லிவிடுகிறது.

எழுதும்போது இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் இனப் பெயரைச் சாய்வெழுத்தில் சிறிய எழுத்தால் தொடங்குவார்கள், கிரெக்ஸைப் பெரிய எழுத்தால் தொடங்குவார்கள். தமிழில் அந்த வசதி இல்லை. 'பாபியோபெடிலம் ஹாரிசியானம்' என்று எழுதினால் அது காட்டு இனமா, கலப்பா என்று தெரியாது (அது கலப்பு). அதனால் முதல்முறை குறிப்பிடும்போதாவது 'ஹாரிசியானம் உடன்பிறப்புக் குழு' என்று விரித்து எழுதலாம். ஒற்றை மேற்கோள்குறியைத் தனிச்செடிப் பெயருக்கென்றே ஒதுக்கிவைக்கலாம்: பாப்பிலியோனாந்தே மிஸ் ஜோக்கிம் 'ஆக்னஸ்'.